பூச்சி மருந்து: முகாம் மாத்திரையா, கடை சிரப்பா, டாக்டரா, கை வைத்தியமா?

"அண்ணே, பாப்பாவுக்குப் பூச்சி மருந்து ஒன்னு குடுங்க." மதுரையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இது பழகிய குரல். எத்தனை வயசு என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். எதுக்கு என்று கேட்டால்தான் கதை நீளும். ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறான். சோறு இறங்க மாட்டேங்குது. பின்னாடி அரிக்குதுன்னு அழுகுறா. அங்கன்வாடியில மாத்திரை குடுத்தாங்க, அது கேக்குமான்னு தெரியல. மாமியார் வேப்பெண்ணெய் ஊத்தச் சொல்றாங்க. எல்லாக் கதைக்கும் அடியில் கிடக்கும் குழப்பம் ஒன்றுதான்: எந்த வழியில் போவது?

பல் கடிப்பதை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் தொடர்பு இருப்பதாக உறுதியான சான்று கிடையாது. இனிப்பு தின்றால் பூச்சி வைக்கும் என்பதும் அப்படித்தான். முட்டையோ இளம்புழுவோ வெளியிலிருந்து உள்ளே போகாமல் வயிற்றில் புழு முளைக்காது. மிட்டாயில் அது இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், எந்தப் புழு என்பது. "பூச்சி" என்று ஒரே பெயரில் நாம் சொல்வது குறைந்தது நான்கு வேறு உயிர்கள்.

நாக்குப்பூச்சி மண்புழுவைப் போல நீளமாக, சில சமயம் ஓர் அடிவரை வளரும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு சுமார் 2 லட்சம் முட்டை இடும். அந்த முட்டை மண்ணில் சில வாரம் பக்குவப்பட்டு, அழுக்குக் கையோடோ கழுவாத காயோடோ வாய்க்குள் போகிறது. கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்தே உள்ளே நுழையும். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். சாட்டைப்புழு பெருங்குடலில் தங்கும். கீரிப்பூச்சி வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டை இடும். முதல் மூன்றுக்கும் மண் வேண்டும். கீரிப்பூச்சிக்கு மண்ணே வேண்டாம், மூன்றாம் மாடி ஃப்ளாட்டிலும் அது வாழும். அதனால்தான் மேலூர்ப் பக்கம் வயலோரத்துப் பிள்ளைக்குச் சரியான வழி, கே.கே. நகர் பிள்ளைக்குச் சரியாக இல்லாமல் போகலாம்.

இரண்டாவது, எவ்வளவு புழு. ஓர் ஊரில் பத்துப் பிள்ளைக்குப் புழு இருந்தால் எல்லோருக்கும் சமமாக இருக்காது. பெரும்பாலான புழுக்கள் ஒருசில பிள்ளைகளின் வயிற்றில் மட்டும் குவிந்து கிடக்கும். நாலைந்து புழு உள்ள பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். குவியல் குவியலாக இருக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. சின்னப் பிள்ளையின் குடல் குறுகலானது என்பதால் அதே எண்ணிக்கை அங்கே கூடுதல் கேடு செய்யும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: புழு ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டதா? நாக்குப்பூச்சிகள் சுருண்டு பந்தாகிச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைத்துவிடலாம். பித்தக்குழாயில் ஏறிக் கடும் வலியைத் தரலாம். குஞ்சாக இருக்கும்போது நுரையீரல் வழியாகப் பயணம் போவதால் இருமலும் இழுப்பும் வரலாம். கொக்கிப்புழு மாதக்கணக்கில் ரத்தத்தைக் குடித்துப் பிள்ளையை வெளிறவைக்கும். அப்படிச் சோகை பிடித்த பிள்ளை மண், சாம்பல், சுவர்க்காரை என்று தின்னத் தொடங்கும். சாட்டைப்புழு அதிகமானால் சளியும் ரத்தமுமாக நாள்பட்ட பேதி. முக்கி முக்கி ஆசனவாய்ச் சதை வெளியே தள்ளுவதும் உண்டு. கீரிப்பூச்சியால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தூக்கம் கெடும், சொறிந்து புண்ணாகும், பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் எரிச்சலும் சிறுநீர் கழிக்கையில் கடுப்பும் வரும்.

இதோடு பிள்ளையின் வயது, எடை, ரசீதில் வராத செலவு, மறுபடி தொற்றுவதைத் தடுக்கும் வாய்ப்பு இவற்றையும் சேர்த்து நான்கு வழிகளையும் பார்ப்போம்.

## வழி 1: அங்கன்வாடி, பள்ளி முகாம் மாத்திரை

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. வழக்கமாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இருமுறை. நம் மாநிலத்தில் தேதி சில நாள் முன்பின்னாக அறிவிக்கப்படுவதும் உண்டு. கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை. ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் என்றால் அரை மாத்திரை. இரண்டு வயதிலிருந்து 19 வயதுவரை முழு மாத்திரை.

"மூணு வயசுக்கும் பதினஞ்சு வயசுக்கும் ஒரே அளவா?" என்று சந்தேகப்படுபவர்கள் நிறைய. இந்த மருந்து பெரும்பாலும் ரத்தத்தில் ஏறாமல் குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்கிறது. புழு சர்க்கரையை இழுத்துக்கொள்ள முடியாமல் செய்து பட்டினி போட்டுக் கொல்கிறது. அதனால்தான் எடைக்கு எடை கணக்கு இங்கே பெரிதாக வேண்டியதில்லை.

நாக்குப்பூச்சிக்கு இந்த ஒரு வேளை மருந்து மிக நன்றாகக் கேட்கும். நூற்றில் தொண்ணூறுக்கு மேல். கொக்கிப்புழுவுக்கு ஐந்தில் நான்கு பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சாட்டைப்புழுவுக்கு மட்டும் மோசம், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் முழுதாகப் போகும். முழுதாகப் போகாவிட்டாலும் சுமை குறைவதே பெரிய லாபம். மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை சுமையால் வருபவை. யார் வயிற்றில் குவியல் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; அதனால் சோதிக்காமலே எல்லோருக்கும் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. அன்று பிள்ளை லீவு போட்டால் மாத்திரை போச்சு. அதற்காகவே ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் வைத்திருக்கிறார்கள், அதைப் பலர் கேட்பதே இல்லை. அங்கன்வாடியில் பெயர் இல்லாத பிள்ளைக்கும், தனியார் ப்ளே ஸ்கூல் போகும் பிள்ளைக்கும்கூட அங்கே வாங்கிக்கொள்ளலாம். காய்ச்சலோ வேறு நோவோ இருந்தால் அன்று கொடுக்க மாட்டார்கள். அது சரியான முடிவு. சின்னப் பிள்ளைக்கு மாத்திரையை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். முழுசாக வாயில் போட்டு மூக்கைப் பிடித்தால் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். இந்த மருந்தில் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

கொடுத்த அன்று லேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம். புழு நிறைய இருக்கும் பிள்ளைக்கு அது சற்றுக் கூடும், ஒரு நாளில் அடங்கும்.

இந்த மாத்திரையிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. போட்டதும் பிள்ளை தேறிவிடும், எடை ஏறிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மொத்தமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் சராசரி எடை, உயரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. புழு நிறைய இருந்த பிள்ளைக்கு உதவும். புழுவே இல்லாமல் மெலிந்திருக்கும் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும்தான் உதவும்.

இது யாருக்கு: நோய்க்குறி எதுவும் இல்லாத, மண்ணில் விளையாடும் எல்லாப் பிள்ளைக்கும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்கு அம்மாவோடு வெறுங்காலில் போகும் பிள்ளைக்கு இதைத் தவறவே விடக் கூடாது.

## வழி 2: கடையில் வாங்கும் சிரப்பு

பத்து மில்லி குப்பி. ஐந்து மில்லியில் 200 மில்லிகிராம் என்பதால் முழுக் குப்பி 400 ஆகும். முகாமில் கொடுக்கும் அதே மருந்துதான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியது கூடுதலாகக் கேட்கும் என்ற நம்பிக்கை. போன வாரம் மாத்திரை போட்ட பிள்ளைக்கு இந்த வாரம் சிரப்பு வேண்டியதில்லை. கொடுத்துவிட்டிருந்தால் பதறவும் வேண்டாம்.

விலை குறைவு, உடனே கிடைக்கும், திரவம் என்பதால் புரையேறும் பயம் குறைவு. இது வரைக்கும் நல்லது. கவலை வேறு இடத்தில். கடைக்கடையாக விற்கும் சில குப்பிகளில் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். அட்டைப்பெட்டி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 15 கிலோ எடைக்குக் குறைந்த பிள்ளைக்கு ஐவர்மெக்டின் வழக்கமாகக் கொடுப்பதில்லை. நம்மூரில் மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அந்த எடையைத் தொட்டிருக்க மாட்டார்கள். பெட்டியில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று வாங்கும்போதே கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இரண்டாவது மறைசெலவு, மாதாமாதம் வாங்கும் பழக்கம். நாக்குப்பூச்சி மறுபடி உள்ளே போய் வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு வெறும் சடங்குக்கு வைத்ததில்லை. மலத்தில் புழு விழவில்லை என்பதற்காக மறுபடி வாங்குகிறவர்களும் உண்டு. செத்த புழு பெரும்பாலும் குடலிலேயே சிதைந்துவிடும், கண்ணில் படாது.

மூன்றாவது, பேதிக்கு இதை வாங்குவது. பிள்ளைகளின் நாள்பட்ட பேதிக்கு ஜியார்டியா போன்ற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் காரணமாக இருக்கலாம். ஒரு வேளை பூச்சி மருந்து அதைத் தீர்க்காது. சிரப்புக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இரண்டு வாரம் ஓடிவிடும்.

கடை சிரப்பு உண்மையிலேயே ஜெயிப்பது கீரிப்பூச்சி விஷயத்தில். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஆசனவாயைப் பாருங்கள். வெள்ளை நூல் நெளிந்தால் சந்தேகமே வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை எடுக்க வேண்டும். முதல் மருந்து முட்டையைக் கொல்லாது. உதிர்ந்த முட்டை படுக்கையிலும் தலையணையிலும் இரண்டு வாரம்வரை உயிரோடு கிடக்கும். முகாம் மாத்திரை பிள்ளைக்கு ஒரு முறைதான், அதனால் இந்தச் சுற்று அங்கே முடியாது. வீட்டில் கர்ப்பிணியோ ஒரு வயது நிறையாத குழந்தையோ இருந்தால் அவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மருந்து எடுத்த மறுநாள் காலையில் குளியல், உள்ளாடையும் போர்வையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைப்பது, நகத்தை ஒட்ட வெட்டுவது: இந்த மூன்றும் இல்லாவிட்டால் குப்பிக் காசு வீண்.

## வழி 3: டாக்டர், மோஷன் டெஸ்ட்

செலவு கூடுதல்தான். பேரையூரிலிருந்து மதுரைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதென்றால் பஸ் காசு ஒரு பக்கம், போன கூலி இன்னொரு பக்கம். ஆனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். ஹீமோகுளோபினை அங்கேயே பார்த்துவிடுவார்கள். தேவைப்பட்டால் அவர்களே தாலுகா மருத்துவமனைக்கோ, கோரிப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள்.

மோஷன் டெஸ்ட்டை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். புழு குறைவாக இருந்தால் ஒரு முறை பார்த்ததில் முட்டை தென்படாமல் போகலாம். வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று முறை கேட்பது அதனால்தான். கீரிப்பூச்சி முட்டை மலத்தில் பெரும்பாலும் வராது. அதற்குக் காலையில் பிள்ளையைக் கழுவுவதற்கு முன் ஆசனவாயில் செலோ டேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் போவதால் கிடைக்கும் உண்மையான லாபம் டெஸ்ட் சீட்டைவிடப் பெரியது. வெளிறிய பிள்ளைக்குப் பூச்சி மருந்து மட்டும் போதாது. ஓட்டையை அடைத்தால் தொட்டி தானாக நிரம்பிவிடாது. இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் வேண்டும். ரத்தமும் சளியுமாகப் போகும் பிள்ளைக்குச் சாட்டைப்புழு என்று தெரிந்தால் ஒரு வேளைக்குப் பதிலாக மூன்று நாள் மருந்து எழுதுவார். அதே ரத்த பேதி வேறு கிருமியால் என்றால் மருந்தே வேறு. இதையெல்லாம் கவுண்டரில் நின்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்வதில்லை.

வலிப்பு வந்த பிள்ளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாடாப்புழுவில் ஒரு வகையின் முட்டை வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சு மூளையில் போய்க் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். அப்படி இருக்கும்போது அல்பெண்டசோல் கொடுத்தால் கட்டியைச் சுற்றி வீக்கம் கூடி வலிப்பு மறுபடி வரலாம். காரணம் தெரியாத வலிப்பு வந்த பிள்ளைக்கு முகாமாக இருந்தாலும் கடையாக இருந்தாலும், டாக்டர் சொன்ன பிறகுதான் பூச்சி மருந்து.

இது யாருக்கு: ஒரு வயது நிறையாத குழந்தை, வெளிறியிருப்பவர், மண் தின்பவர், எடை இறங்குபவர், இரண்டு வாரத்துக்கு மேல் பேதி உள்ளவர், ஆசனவாய் வெளியே தள்ளுபவர், மருந்து கொடுத்தும் கீரிப்பூச்சி விடாமல் வருபவர்.

## வழி 4: கை வைத்தியம்

வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வத்தல், பாகற்காய். இவையெல்லாம் சாப்பாடு. தாராளமாகக் கொடுங்கள், பிள்ளை தின்றால் அதுவே சாதனை. புழுவைத் தீர்த்துவிடும் என்று மட்டும் கணக்கு வைக்க வேண்டாம்.

பப்பாளி விதைக்கு ஓரளவு சான்று இருக்கிறது. நைஜீரியாவில் 60 பிள்ளைகளை வைத்து நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், காய்ந்த விதைப்பொடியைத் தேனில் கலந்து கொடுத்ததில் பலருக்கு மலத்தில் ஒட்டுண்ணி இல்லாமல் போனது. ஆனால் அது சின்ன ஆய்வு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு எத்தனை ஸ்பூன் என்பதை அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. இலவசமாக அங்கன்வாடியில் நன்கு சோதித்த மாத்திரை இருக்கும்போது விதையை இடித்துக்கொண்டிருப்பது எதற்கு என்பதே என் கேள்வி.

வேப்பெண்ணெயில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிசுக்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உள்ளுக்கு வேப்பெண்ணெய் கொடுத்து, வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மூளையும் கல்லீரலும் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன, உயிரிழப்பும் உண்டு. கசப்புத்தானே, என்ன செய்துவிடும் என்று மாமியார் சொன்னால், தலைக்குத் தேய்க்கலாம் அத்தை, வாயில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விளக்கெண்ணெய்ப் பேதி பழைய வீடுகளில் மாதச் சடங்கு. பேதியில் புழு அடித்துப் போகாது. பிள்ளைதான் நீர் வற்றித் துவண்டு போகும். குடல் அடைப்பு இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சித்த மருந்துதான் கொடுப்போம் என்பவர்கள் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டி வாங்குங்கள். பொட்டலத்தில் பெயர் எழுதாமல் வரும் சூரணம் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | முகாம் மாத்திரை | கடை சிரப்பு | டாக்டர், டெஸ்ட் | கை வைத்தியம் |
|---|---|---|---|---|
| நாக்குப்பூச்சி | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | நம்ப முடியாது |
| கொக்கிப்புழு | நன்று | நன்று | நன்று. சோகைக்கும் மருந்து | இல்லை |
| சாட்டைப்புழு | சுமை குறையும் | சுமை குறையும் | மூன்று நாள் மருந்து | இல்லை |
| கீரிப்பூச்சி | ஒரு முறை போதாது | வீடு முழுக்க இரு முறை என்றால் நன்று | விடாமல் வந்தால் | இல்லை |
| சிக்கலைக் கண்டுபிடிப்பது | முடியாது | முடியாது | முடியும் | முடியாது |
| கைக்காசு | இல்லை | குறைவு | இடத்தைப் பொறுத்தது | குறைவு |
| மறைசெலவு | லீவு போட்டால் போச்சு | கூட்டு மருந்து, மாதாமாதப் பழக்கம் | ஒரு நாள் கூலி, அலைச்சல் | தாமதம், நஞ்சு |

## நான்கில் எதுவும் வேண்டாத நேரம்

பிள்ளையின் வயிறு உப்பி, விட்டு விட்டு வலித்து அலறுகிறது. பச்சையாகவோ மஞ்சளாகவோ வாந்தி. வாந்தியில் புழுவும் வரலாம். மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. இது குடல் அடைப்பாக இருக்கலாம். பூச்சி மருந்து, எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் வாய்வழி ஆகாரத்தை நிறுத்தி, மூக்கு வழியாகக் குழாய் போட்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். பல பிள்ளைகளுக்கு அந்த அளவிலேயே புழுப்பந்து தளர்ந்து அடைப்பு விலகிவிடும், ஆபரேஷன் வரை போகாது. பூச்சி மருந்தை அதற்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அடைத்துக்கொண்டிருக்கும்போதே புழுவைக் கலைத்துவிட்டால் அடைப்பு முறுகும் என்பதுதான் காரணம்.

காய்ச்சல் நேரத்தில் ஒற்றைப் புழு வாயிலோ மூக்கிலோ வந்து, வயிறு இளகலாக இருந்து, பிள்ளை வழக்கம்போல விளையாடினால் அது அவசரமில்லை. பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும், அவ்வளவுதான். காய்ச்சல் அடங்கட்டும், அந்த வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் போதும். ஒரு புழு வந்தால் உள்ளே இன்னும் சில இருக்கும் என்று வைத்துக்கொண்டு, கூடப்பிறந்த பிள்ளைகளையும் அதே நாளில் அழைத்துப் போங்கள்.